ஜிம் 'அவனா', 'அவரா'? வாசகர் கேள்வி பதில்

பழைய நாவலை அதில் வரும் அடிமையின் வாயால் மறுபடி சொல்லும் எழுத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' கதையை, அதில் தப்பியோடும் அடிமையான ஜிம் சொல்வதாக மாற்றி பெர்சிவல் எவரெட் எழுதிய 'ஜேம்ஸ்' (2024) நாவல்தான் அதற்குத் தூண்டுகோல். எழுதிப் பார்க்கும் எண்ணத்தோடு பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். எழுதுவதற்கு உதவும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஜிம் கதையைத் தமிழில் ஒரு குறுநாவலாக எழுத ஆசை. எங்கே தொடங்குவது? எவரெட் எழுதிவிட்ட பிறகு எனக்கு என்ன மிச்சம்? (வாசகி, செங்காங்)

மிச்சம் நிறையவே இருக்கிறது. எவரெட்டை இப்போதைக்கு அலமாரியில் வைத்துவிட்டு மூல நாவலை மட்டும் மேசையில் வையுங்கள். மொத்தம் 43 அத்தியாயங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு, அத்தியாயம் அத்தியாயமாக நிரப்புங்கள். முதல் பத்தி, ஜிம் அந்த இடத்தில் இருக்கிறார். இரண்டாவது, இல்லை. மூன்றாவது, இருக்கிறார், ஆனால் கதை சொல்லும் சிறுவன் ஹக் அவரைக் கவனிக்கவில்லை. உங்கள் நாவல் இரண்டாவது, மூன்றாவது பத்திகளில்தான் இருக்கிறது.

ஓர் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். நீராவிக் கப்பல் மோதித் தெப்பத்தை விட்டுச் சிதறிய பிறகு, 17, 18ஆம் அத்தியாயங்களில் ஹக் கிரேஞ்சர்ஃபோர்டு குடும்பத்தின் பெரிய வீட்டில் வசதியாக இருக்கிறான். ஜிம் பக்கத்துச் சதுப்பில் ஒளிந்திருக்கிறார். அந்த வீட்டு அடிமைகள் இரவில் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து தருகிறார்கள். திரும்பச் சந்திக்கும்போது ஜிம் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார்: ராத்திரிகளில் தெப்பத்தைச் சரி செய்தேன், வாய்ப்புக் கிடைத்தபோது சட்டி பானையும் தின்பண்டமும் வாங்கினேன் என்று. ஹக் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறான். நீங்கள் போகக் கூடாது. ஓடிவந்த அடிமையிடம் காசு ஏது? யார் கையால் வாங்கினார்? வாங்கித் தந்தவர் பிடிபட்டால் என்ன ஆகும்? அவரைக் காட்டிக் கொடுக்காத அந்த மனிதர்களுக்கு அவர் பதிலுக்கு என்ன செய்தார்? இந்தக் கேள்விகளிலேயே முப்பது பக்கம் இருக்கிறது. மூல நாவலின் ஒரு வரியையும் மீற வேண்டியதில்லை.

இன்னொன்று, இதைவிடக் கனமானது. 9ஆம் அத்தியாயத்தில் வெள்ளத்தில் மிதந்துவரும் வீட்டுக்குள் ஒரு பிணம் கிடக்கிறது. முகத்தைப் பார்க்காதே என்று ஜிம் ஹக்கைத் தடுக்கிறார். அது ஹக்கின் அப்பாவின் பிணம் என்பதைக் கடைசி அத்தியாயத்தில்தான் சொல்கிறார். அப்பாவுக்குப் பயந்துதான் ஹக் ஓடிவந்தான். அந்த மனிதர் செத்துவிட்டார் என்று தெரிந்தால் அவன் அன்றைக்கே வீடு திரும்பலாம், ஜிம் தனியாக மாட்டிக்கொள்வார். ஆக, மறைத்தது இரக்கமா, தேவையா? ஹக்கின் கதையில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஜிம்மின் கதையில் ஆற்றில் போகும் ஒவ்வொரு நாளும் இது அவர் நெஞ்சில் கிடக்கும்.

அடுத்து ஒரு விலைப் பட்டியல் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். நியூ ஆர்லியன்ஸுக்கு விற்றால் 800 டாலர் என்று எஜமானி மிஸ் வாட்சன் பேசுவதைக் கேட்டுத்தான் ஜிம் ஓடுகிறார். பிடித்துத் தருபவருக்கு 300 டாலர் பரிசு. வழியில் சேர்ந்துகொண்ட மோசடிக்காரன் அவரை 40 டாலருக்குக் கைமாற்றிவிடுகிறான். கடைசியில், பொறுமையாகக் கைதி வேடம் போட்டதற்காக ஹக்கின் நண்பன் டாம் சாயர் ஜிம் கையில் கொடுப்பதும் அதே 40 டாலர். ட்வைன் இந்த இரண்டு 40-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவில்லை. ஜிம் வைப்பார்.

செய்யக் கூடாதது: கதை தொடங்கும் மிசௌரிக்கு மிசிசிப்பி ஆற்றின் எதிர்க்கரையான இல்லினாய் அடிமைமுறை இல்லாத மாநிலம்தானே, ஏன் நேராக நீந்திப் போகவில்லை என்ற கேள்வியை விட்டுவிடுவது. வாசகர் முதல் பத்துப் பக்கத்திலேயே இதைக் கேட்பார். அடிமைகளைப் பிடித்துத் திருப்பித் தரச் சொல்லும் கூட்டரசுச் சட்டம் 1793 முதலே இருந்தது. இல்லினாயிலும் விடுதலைப் பத்திரம் இல்லாத கறுப்பர் பிடிபடுவார். அதனால்தான் கெய்ரோ என்னும் ஊர்வரை தெற்கே போய், அங்கே வந்து சேரும் ஓஹையோ ஆற்றில் ஏறுவது திட்டம். மூடுபனியில் கெய்ரோ தவறிப்போகிறது. அதன் பிறகு தெப்பம் நகரும் ஒவ்வொரு மைலும் அவரை அடிமைத்தனம் இன்னும் கொடுமையான தெற்குக்கே கொண்டுபோகிறது. ஹக்குக்கு அது உல்லாசப் பயணம். ஒரே ஆற்று நீரில் இரண்டு பேருக்கு இரண்டு திசை.

கேள்வி: ஜிம் பேசும் கொச்சை ஆங்கிலத்தைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? தஞ்சைப் பண்ணையாள் பேச்சு பொருந்துமா? (தமிழாசிரியை, தெம்பனிஸ்)

பொருந்தாது. ஒரு வட்டாரப் பேச்சை எடுத்து ஜிம் வாயில் வைத்தால், அந்தப் பேச்சோடு ஒட்டியிருக்கும் சாதியும் ஊரும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். வாசகருக்கு மிசௌரி மறைந்து கீழத்தஞ்சை தெரியும். அடிமைகள் வெள்ளையர் முன்னால் ஒரு பேச்சும் தங்களுக்குள் வேறு பேச்சும் பேசுவதாக எவரெட் அமைத்தார். அது அவருடைய வழி, அதை அப்படியே எடுக்காதீர்கள். தமிழில் நமக்கு வேறொரு கருவி கைவசம் இருக்கிறது, ஆங்கிலத்தில் இல்லாதது: நீ, நீங்கள், அவன், அவர்.

ஆங்கில மூலத்தில் எல்லாரும் எல்லாருக்கும் ஒரே 'யூ'. தமிழில் எழுதும் கணத்திலேயே நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். ஜிம் மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள வளர்ந்த மனிதர். ஹக்குக்குப் பதின்மூன்று பதினான்கு வயது. ஆனாலும் ஹக் அவரை 'நீ' என்பான், அவர் ஹக்கை 'நீங்க' என்றாக வேண்டும். மொழிபெயர்ப்புகளில் நீதிபதி தாட்சர் 'அவர்' ஆகவும் ஜிம் 'அவன்' ஆகவும் யாரும் யோசிக்காமலே வந்துவிடுவது வழக்கம். இந்தப் பக்கத்தில் ஜிம்மை 'அவர்' என்றே எழுதுகிறோம். உங்கள் கதையில் அது எப்போது, யார் வாயில் மாறுகிறது என்பதை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

மாறுவதற்கு ஏற்ற இடம் 15ஆம் அத்தியாயம். மூடுபனியில் பிரிந்த இருவரும் மறுபடி சேர்கிறார்கள். 'நீ கனவு கண்டாய்' என்று ஹக் ஜிம்மை ஏமாற்றிச் சிரிக்கிறான். உன்னைக் காணாமல் நெஞ்சு உடைந்து கிடந்தேன், நீயோ எப்படி ஏமாற்றலாம் என்று யோசித்தாய், நண்பனை அவமானப்படுத்துகிறவன் குப்பை என்று சொல்லிவிட்டு ஜிம் எழுந்து உள்ளே போய்விடுகிறார். ஹக் கால் மணி நேரம் தயங்கிப் பிறகு மன்னிப்புக் கேட்கிறான். அந்த ஒரு பேச்சில் ஜிம் முதல்முறையாக 'நீ' என்று சொல்லட்டும். அதற்கு முன் எங்குமே சொல்லியிருக்கக் கூடாது. முந்தைய பதினான்கு அத்தியாயத்தில் ஒரு 'நீ' கைதவறி விழுந்திருந்தாலும் இந்த இடம் வீணாகிவிடும். எழுதி முடித்ததும் கணினியில் தேடிப் பார்த்துத் திருத்துங்கள்.

கொச்சைக்குப் பதிலாக, வெளிப் பேச்சை நீட்டி, உள் நினைப்பைச் சுருக்கலாம். ஒரு மாதிரி:

"சாவிங்களாம்மா? இப்பத்தான் கண்ணுல பட்ட மாதிரி இருந்துச்சுங்க. எங்க வெச்சேன்னு தெரியலீங்களே. தேடிப் பாத்துச் சொல்றேங்கம்மா."

சாவி இடுப்பில் இருந்தது. மேசையிலிருந்து கதவு பதினோரு எட்டு.

இரண்டும் ஒரே ஆள். முதல் பகுதியில் 'ங்க'வும் 'தெரியல'வும் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பயத்தையும் தந்திரத்தையும் தூக்கிச் சுமப்பவை அவைதான், எந்த ஊர்க் கொச்சையும் தேவைப்படவில்லை.

கறுப்பரை இழிவாகக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மூலத்தில் 200 தடவைக்கு மேல் வருகிறது. 2011இல் அமெரிக்காவில் ஒரு பதிப்பு அதை எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்டது, பெரிய சர்ச்சையானது. தமிழில் அதற்கு ஈடாக ஒரு சாதி வசவைத் தயவுசெய்து போடாதீர்கள். ஜிம் கதை சொல்லும்போது அந்தச் சொல்லைத் தானாகச் சொல்ல அவருக்குக் காரணமில்லை. பிறர் சொல்வதை அவர் கேட்கும் இடங்களில் மட்டும், எண்ணி வையுங்கள்.

கேள்வி: அறுபது பக்கம் எழுதிவிட்டேன். படித்த நண்பர்கள் எல்லாம் 'ஒரே துயரம், முடியவில்லை' என்கிறார்கள். துயரத்தைக் குறைத்தால் பொய்யாகாதா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

துயரத்தைக் குறைக்க வேண்டாம், வேலையைக் கூட்டுங்கள். இந்த வகை எழுத்தில் அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான்: அடிமைக்கு நேர்வதை மட்டும் எழுதுகிறோம், அவர் செய்வதை எழுதுவதில்லை. அடிபட்டார், அழுதார், ஓடினார். வாசகர் பரிதாபப்படுவார். ஆனால் அந்த ஆளை அவருக்குத் தெரியாது.

ஜிம் என்னவெல்லாம் தெரிந்தவர் என்று மூலமே சொல்கிறது. பிடித்த தெப்பம் 12 அடி அகலம், 15, 16 அடி நீளம். மேல்பலகை சிலவற்றைக் கழற்றி அதன்மேல் ஒரு குடில் கட்டுகிறார். அலை தொடாதபடி குடிலின் தரையை ஓர் அடிக்கு மேல் உயர்த்துகிறார்கள். நடுவில் ஐந்தாறு அங்குலக் கனத்துக்கு மண்ணைப் பரப்பிச் சுற்றிலும் சட்டம் அடிக்கிறார்கள், நெருப்பு மூட்ட. மழையிலும் குளிரிலும் நெருப்பு வெளியே தெரியாது. ஹக்குக்கு இது சுகமான ஏற்பாடு. ஜிம்முக்கு, கரையில் நிற்பவன் கண்ணில் வெளிச்சம் படக் கூடாது என்பதுதான் கணக்கு. ஒரே பலகை, வேறு காரணம். இப்படி ஒவ்வொரு வேலைக்கும் அவருடைய காரணத்தைத் தேடுங்கள்.

ஜிம்மின் மூடநம்பிக்கைகளும் அப்படித்தான். கழுத்தில் கயிற்றில் கோத்திருந்த ஐந்து சென்ட் நாணயத்தைப் பிசாசே கையில் கொடுத்தது என்கிறார். அதைப் பார்க்கச் சுற்றுவட்டாரத்து அடிமைகள் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஹக் இதைக் கேலியாகச் சொல்கிறான். ஜிம் பக்கத்திலிருந்து பார்த்தால் இது ஒரு வருமானம், கூடவே பக்கத்து ஊர்ச் செய்தி வந்து சேரும் வழி.

ஒரு சோதனை சொல்கிறோம். ஒவ்வொரு அத்தியாயத்தின் மேலும் பென்சிலால், 'இன்றைக்கு இருட்டுவதற்குள் இவருக்கு என்ன வேண்டும்?' என்று எழுதுங்கள். கயிறு, உப்பு, ஒரு சேதி, காய்ந்த சட்டை, எதுவாகவும் இருக்கலாம். 'விடுதலை' என்று எழுதினால் செல்லாது. பதில் கிடைக்காத அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். அறுபதில் பதினைந்து பக்கமாவது போகும்.

பெரிய துயரம் வரும் இடத்தில் வார்த்தையைக் குறையுங்கள். நான்கு வயது மகள் எலிசபெத் கதவைச் சாத்தச் சொன்னதைக் கேட்கவில்லை என்று அறைந்துவிட்டு, செம்புள்ளிக் காய்ச்சலால் அவளுக்குக் காது போய்விட்டது என்பதைப் பிறகு அறிந்துகொள்வதை ஜிம் 23ஆம் அத்தியாயத்தில் சொல்கிறார். ட்வைன் அங்கே ஒரு விளக்கமும் சேர்க்கவில்லை. நீங்களும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எழுதிப் பார்க்க, 1,000 சொல்லுக்குள் அடங்கும் பாத்திரம் ஏதாவது உண்டா? (ஆசிரியர், அங் மோ கியோ)

'ராபின்சன் குரூசோ' (1719) நாவலில் வரும் சூரி. குரூசோ தீவில் 'ஃப்ரைடே' (வெள்ளிக்கிழமை) என்று பெயர் வைத்த ஆளை எல்லாருக்கும் தெரியும், சூரியை மறந்துவிடுவார்கள். குரூசோவே மொராக்கோவின் சலே துறைமுகத்தில் அடிமையாக இருந்தவன். சூரி என்னும் சிறுவனோடு படகில் தப்புகிறான். ஒரு போர்ச்சுகீசியக் கப்பல் இருவரையும் காப்பாற்றுகிறது. கப்பல் தலைவர் படகுக்கு 80 வெள்ளி நாணயம் தருகிறார், சூரிக்கு 60. கிறிஸ்தவனானால் பத்து வருடத்தில் விடுதலை என்பது பேச்சு. குரூசோ சிறிது தயங்கிவிட்டு விற்றுவிடுகிறான். பின்னால் பிரேசில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் போதாதபோதுதான், விற்றது தவறு என்று அவனுக்குத் தோன்றுகிறது.

மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டியது ஒரே காட்சி: கப்பல் தளத்தில் படகின் விலையும் தன் விலையும் பேசப்படுவதைச் சூரி கேட்கிறான். காலம் அரை மணி நேரம். இடத்தை விட்டு நகரக் கூடாது. பத்து வருடம் கழித்து என்று தாவ அனுமதிக்காதீர்கள், எல்லாரும் அங்கேதான் தாவுவார்கள்.

கேள்வி: தமிழ் நாவல்களில் இப்படி எழுத இடமிருக்கிறதா? நம்மிடம் அடிமைகள் இருந்தார்களா என்ன? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

இருந்தார்கள், எழுத்துச் சான்றோடு. பெரியபுராணத்தில் சுந்தரர் திருமணத்தைத் தடுக்கும் முதியவர் கையில் இருப்பது ஆளோலை, பாட்டன் தன்னையும் தன் மரபையும் அடிமையாக எழுதிக் கொடுத்த பத்திரம். சுந்தரர் அதைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் பாட்டனின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பக்திக் கதைதான், ஆனால் மூலமும் படியும் கையெழுத்து ஒப்பீடும் சேக்கிழார் காலத்து வாசகருக்குப் பழக்கமான நடைமுறை என்பது அதில் தெரிகிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சத்தில் ஒரு வேளாளரும் இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரம் கல்வெட்டு சொல்கிறது. சோழ அரண்மனைகளில் போரில் பிடித்துவந்த பெண்களும் இருந்த இடத்துக்கு 'வேளம்' என்று பெயர்.

நாவல் என்று கேட்டால், கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. சாளுக்கிய மன்னன் புலிகேசி காஞ்சி வட்டாரத்திலிருந்து நடனக் கலைஞரான சிவகாமியை மட்டும் கொண்டுபோகவில்லை, கூட்டம் கூட்டமாக மக்களையும் ஓட்டிச் செல்கிறான். வாதாபி நாற்சந்தியில் அவர்களைக் கட்டி நிறுத்திச் சாட்டையால் அடிக்கிறார்கள். அடியை நிறுத்துவதற்காகச் சிவகாமி அங்கே ஆடுகிறாள். நாம் எல்லாரும் படித்தது ஆடுகிறவளின் வலி. கட்டுண்டு நின்றவர் என்ன பார்த்தார்? அந்த ஆட்டத்துக்காக நன்றி சொன்னாரா, நம்மால் ஒரு பெண் தெருவில் ஆட வேண்டியதாயிற்று என்று கூசினாரா? பிறகு அவளைக் காதலிக்கும் பல்லவர் மாமல்லர் மாறுவேடத்தில் வந்து அழைத்தும், வாதாபி எரியாமல் வர மாட்டேன் என்று சிவகாமி மறுக்கிறாள். அந்தச் சபதம் நிறைவேறும்வரை ஒன்பது வருடம் அந்த மனிதர் யார் வீட்டில் என்ன வேலை செய்தார்? சபதம் அவளுடையது, காத்திருப்பு அவருடையதும்தான். எங்கள் எண்ணத்தில், தமிழில் இந்த வகைக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

எழுதுகிறவர்களுக்கு இரண்டு அளவு. காஞ்சியிலிருந்து வாதாபி, அதாவது இன்றைய கர்நாடகத்துப் பாதாமி, நேர்கோட்டிலேயே சுமார் 550 கிலோமீட்டர். காட்டுப் பாதையின் வளைவையும் சேர்த்து, கைதிகள் நாளைக்கு 15 கிலோமீட்டர் நடந்தாலும் நாற்பது நாளுக்குக் குறையாது. பத்துப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதீர்கள். இரண்டாவது, சாப்பாடு. ஏழாம் நூற்றாண்டில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் கிடையாது, அவை போர்ச்சுகீசியர் வந்த பிறகு வந்தவை. காரத்துக்கு மிளகு. கையெழுத்துப் பிரதியில் 'மிளகாய்' என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள், பெரும்பாலும் சிக்கும்.

கேள்வி: சிங்கப்பூரையே களமாக வைத்து எழுதலாமா? இங்கு வந்த கைதிகளும் தோட்டக் கூலிகளும் அடிமைகள்தானே? (வாசகி, ஈசூன்)

அந்த மூன்றையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கைதிக்குத் தண்டனைக் காலம் உண்டு. இந்தியக் கைதிகள் 1825 முதல் 1873 வரை இங்கு இருந்தார்கள். ஒப்பந்தக் கூலிக்குக் கையெழுத்தோ கைநாட்டோ உண்டு, கடன் உண்டு, காகிதத்திலாவது முடிவு நாள் உண்டு. அடிமைக்கு முடிவு நாள் இல்லை, அவர் பிள்ளைக்கும் இல்லை. கொடுமையின் அளவு சில இடங்களில் ஒன்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் பாத்திரம் மனத்துக்குள் போடும் கணக்கு வேறு. கைதி நாளை எண்ணுவான், கூலி கடனை எண்ணுவான். அடிமை எண்ணுவது எதை என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

அடிமைகளும் இங்கு இருந்தார்கள். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1823இல் அடிமை வணிகத்தைத் தடுத்து விதி போட்டார். போட வேண்டியிருந்தது என்பதே செய்தி. சுலாவெசித் தீவின் புகிஸ் வணிகர் கப்பல்களில் கொண்டுவந்து விற்ற அடிமைகளை நேரில் கண்டு மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா தம் வாழ்க்கை வரலாறான 'ஹிக்காயத் அப்துல்லா'வில் எழுதியிருக்கிறார். அவர் குடும்பத்தில் தமிழ் ரத்தமும் உண்டு. அந்தக் கப்பலில் நின்ற ஒருவரிடமிருந்து அவரைப் பார்ப்பது, குறிப்பெடுக்க வந்த மனிதராக, ஒரு நல்ல தொடக்கம்.

கேள்வி: பதிப்புரிமைச் சிக்கல் வருமா? (வாசகர், புக்கிட் பாஞ்சாங்)

சிங்கப்பூரில் நாவலாசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 70 ஆண்டு. டீஃபோ 1731, ட்வைன் 1910 என்பதால் தொல்லையில்லை. கல்கி 1954இல் மறைந்தார், 2024 முடிவோடு அந்தக் கணக்கும் தீர்ந்தது. தமிழ்நாட்டில் அவர் எழுத்து நாட்டுடைமை.

சிக்குவது வேறு இரண்டு இடத்தில். ஒன்று, மூலத்துக்குப் பதில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பைப் பார்த்து வரிகளை எடுப்பது. மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. மற்றது, விற்கும் நாடு. 1936இல் வந்த மார்கரெட் மிட்செலின் நாவல் 'கான் வித் த விண்ட்' இங்கே விடுபட்டுவிட்டது, அமெரிக்காவில் 2031 முடியும்வரை உரிமையில் இருக்கிறது. மின்னூலாக அங்கும் விற்றால் அந்த நாட்டுச் சட்டம் பேசும். அந்த நாவலை ஓர் அடிமைப் பெண் பக்கமிருந்து ஆலிஸ் ராண்டல் 2001இல் எழுதியபோது வழக்கு வந்து, புத்தகத்துக்குத் தடையும் வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது, மறுஆண்டு சமரசமானது. எவரெட் போன்றவர்கள் புதிதாகக் கற்பித்த சம்பவங்களும் உரிமைக்கு உட்பட்டவை.

கேள்வி: பாத்திரத்துக்கு மூல நாவலில் வரும் பெயரையே வைப்பதா, புதுப் பெயரா? (வாசகி, பொத்தோங் பாசிர்)

இரண்டும் வேண்டும். மூலத்தின் பெயரை எஜமானர்கள் வாயில் விட்டுவிடுங்கள். குரூசோ காப்பாற்றித் தன்னிடம் வேலைக்கு வைத்துக்கொண்ட மனிதருக்கு, அவர் கிடைத்த கிழமையையே பெயராக வைத்து, தன்னை 'எஜமான்' என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்தான். அவருடைய சொந்தப் பெயரை நாவல் கேட்கவே இல்லை. ஜிம்முக்குக் குடும்பப் பெயர் இல்லை.

சொந்தப் பெயரை முதல் பக்கத்தில் அறிவித்துவிட்டால் அதன் பலம் போய்விடும். கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினால், வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். நடுவில், வேறொரு வேலையின் இடையில், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை உள்ள ஒருவர் வாயில் வரட்டும்: மனைவி, அல்லது சதுப்பில் சோறு கொண்டுவந்து வைத்த அந்த அடிமை. அங்கே விளக்கம் வேண்டாம். பெயர், அதன் பின்னால் அவர் கேட்ட பொருள். 'கயிற்றைப் பிடி' என்பது போல.